இசேகாய் கதைகளில் கேடயம் பிடிப்பவனும் வியூகம் வகுப்பவனும்: அடி யார் மேல் விழுகிறது?

கேடயம்_தூக்கி

(ஸ்பாய்லர் நிறைய உண்டு. லாக் ஹொரைசன், ஷீல்ட் ஹீரோ இரண்டையும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

இசேகாய், அதாவது வேறு உலகத்தில் போய் விழும் ஜப்பானிய அனிமே கதை எதை எடுத்தாலும் நாம் கொண்டாடுவது மூளைக்காரனைத்தான். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, பத்து நகர்வுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று சொல்கிறானே, அவனை. முன்னால் நின்று அடி வாங்குகிறவனை 'சுவர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இது எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது.

லாக் ஹொரைசன் முதல் சீசனை (2013) மூன்றாவது தடவையாகப் பார்த்து முடித்தேன். எல்டர் டேல் என்ற ஆன்லைன் விளையாட்டுக்குப் புதிய விரிவாக்கம் வந்த நாளில், ஜப்பானில் மட்டும் சுமார் 30,000 பேர் அந்த உலகத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் ஷிரோயே ஓர் என்சான்டர். தாக்கும் பலம் மிகக் குறைவு, தனியாக நிற்க முடியாது. கூட இருப்பவர்களுக்குப் பலம் ஏற்றுவதும், எதிரியைக் கட்டிப்போடுவதும், களத்தைப் படிப்பதும்தான் அவன் வேலை. நவோட்சுகு ஒரு கார்டியன். கனத்த கவசம், கேடயம், அப்புறம் 'ஆங்கர் ஹவுல்' என்ற முழக்கம். அந்த முழக்கம் எதிரிகளின் கவனத்தை அவன் மேல் திருப்பும். அதை மீறி யாராவது வேறொருவரை அடிக்கப் போனால் நவோட்சுகுவின் எதிரடி விழும்.

"மற்றவர்களை விடு, என்னை அடி" என்று கத்துவதையே ஒருவன் தொழிலாக வைத்திருக்கிறான். நான் அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட்டுத்தான் தொடர்கிறேன்.

என் கட்சி இதுதான். காவலன் கொடுக்கும் விலை அவனுடைய சொந்த உடம்பிலிருந்து, அந்த நிமிடத்திலேயே போகிறது. வியூகம் வகுப்பவன் செலவழிப்பது பெரும்பாலும் அடுத்தவனுடையதை. அதனால் என் மதிப்பு நவோட்சுகு பக்கம். மறுப்பவர்கள் வாருங்கள்.

வடகரை

மறுக்கிறேன், சகோ. அதுவும் நீங்கள் எடுத்த கதையை வைத்தே.

ஹமேலின் என்ற கில்டை (விளையாடுகிறவர்கள் சேரும் சங்கம்) நினைத்துப் பாருங்கள். விளையாட்டு, புதியவர்களுக்குத் தரும் அனுபவ மருந்தை அந்தக் கில்டு பிடுங்கிப் பெரிய கில்டுகளுக்கு விற்கிறது. மினோரி, டோயா என்ற இரட்டையர் அங்கே அடைபட்டுக் கிடக்கிறார்கள். இந்தப் பிரச்சினையில் நவோட்சுகு எங்கே போய்க் கேடயத்தைப் பிடிப்பான்? இறந்தவர்கள் திரும்பி எழுந்து வரும் உலகம் அது. ஹமேலின்காரனை வெட்டினால் கோயிலில் எழுந்து மறுபடி வருவான். வாளுக்கு அர்த்தமே இல்லாத இடம்.

ஷிரோயே அங்கே என்ன செய்தான் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்த உலகத்தில் மெனுவை அழுத்திச் செய்த சாப்பாட்டுக்குச் சுவையே கிடையாது. சமையல்காரர் வகுப்பைச் சேர்ந்த ஒருவர் கையாலேயே சமைத்தால் சுவை வருகிறது என்று ஷிரோயேவின் தோழர் நியான்டா கண்டுபிடித்திருந்தார். அந்த ஒரே ரகசியத்தை வைத்து பர்கர் கடை போடுகிறார்கள். ஊரே வரிசையில் நிற்கிறது. அந்தப் பரபரப்பைக் காட்டி உற்பத்திக் கில்டுகளிடம் முதலீடு வாங்குகிறான். சேர்ந்த பணத்தில் கில்டுகளின் அலுவலகங்களும் வங்கியும் இருக்கும் கட்டடத்தையே விலைக்கு வாங்கிவிடுகிறான். பிறகு பெரிய கில்டுத் தலைவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து, யாரை உள்ளே விடுவது, யாரை விடாமலிருப்பது என்பது இனி என் கையில் என்கிறான். அவர்கள் வாழும் நகரமான அகிஹபாராவுக்கு வட்டமேசை அவையும் சட்டமும் கிடைத்தது அப்படித்தான். ஹமேலின் நொறுங்கியதும் அப்படித்தான்.

டேங்க், அதாவது முன்னால் நின்று அடி தாங்குகிற ஒருவன், தன் குழுவில் உள்ள ஆறு பேரைக் காப்பான். அந்த அவை ஒரு நகரத்தையே காத்தது. இன்னொன்றையும் சொல்கிறேன். ஷிரோயே அடுத்தவனுடையதைச் செலவழித்தான் என்பது சரியில்லை. தன் பெயரைச் செலவழித்தான். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஊர் அவனை வில்லன் என்றே பேசியது. அந்தப் பெயரைச் சுமப்பதும் ஓர் அடிதானே?

செம்பருத்தி22

இருவரும் ஆட்கள் இரண்டு பேர் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஷீல்ட் ஹீரோவில் (2019) இரண்டும் ஒரே ஆள்.

வேறு உலகத்துக்கு அழைக்கப்பட்ட நான்கு வீரர்களில் நவோஃபுமிக்குக் கிடைத்தது கேடயம் மட்டும். வேறு ஆயுதத்தைக் கையில் எடுக்கவே முடியாது. பொய்ப் பழி சுமத்தப்பட்டு, கையில் காசில்லாமல், மெல்ரோமார்க் நாட்டில் தெருவில் நிற்கிறான். அங்கிருந்து அவன் செய்ததெல்லாம் கணக்குதான். எந்தப் பொருளைக் கேடயத்துக்குக் கொடுத்தால் எந்தத் திறமை திறக்கும் என்று பார்த்து மருந்து செய்யக் கற்றுக்கொள்கிறான். ஃபிலோ என்ற பெரிய பறவை இழுக்கும் வண்டியில் ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்கிறான். கடைசியில் ஜனங்கள் அவனைப் பறவைத் தெய்வத்தின் புனிதர் என்றே அழைக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் மூன்றாவது எபிசோடில் வரும் முதல் அலை, அதாவது அரக்கர்கள் கூட்டமாக வந்து இறங்கும் தாக்குதல். மற்ற மூன்று வீரர்களும் தலைவனான பெரிய மிருகத்தைத் தேடி ஓடுகிறார்கள். நவோஃபுமி மட்டும் பக்கத்துக் கிராமத்தைப் பார்த்துவிட்டு அங்கே திரும்புகிறான். ஜனங்களை வெளியேற்றும்வரை அரக்கர்களைத் தன் மேல் இழுத்து வைத்துக்கொள்கிறான். பின்னால் வந்து சேர்ந்த அரசுப் படை, அவன் அங்கே நிற்பது தெரிந்தும், நெருப்பு மழையை அவன் தலை மேலேயே இறக்குகிறது.

அந்த நால்வரில் வியூகம் அறிந்தவன் யார்? மற்ற மூவரும் அந்த உலகத்தைத் தாங்கள் விளையாடிய விளையாட்டு என்று நினைத்து, அதன் விதிகளை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். ஆனால் ஆபத்து எந்தப் பக்கம் பாயும் என்று யோசித்தது கேடயக்காரன் ஒருவன்தான். அடி எங்கே விழும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவனுக்கு அது தெரியும். அந்தக் கூர்மை கேடயம் பிடித்ததாலேயே அவனுக்கு வந்தது என்பது என் எண்ணம்.

மழைக்காகம்

செம்பருத்தி சொன்னதற்கு என் அனுபவத்திலிருந்து ஒரு சாட்சி. ஆன்லைன் விளையாட்டு ஒன்றில் ஏழு வருடம் டேங்காக இருந்தவன் நான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு டேங்க் என்றால் சும்மா நிற்பவன். உண்மையில் எப்போது சண்டையைத் தொடங்குவது, எத்தனை எதிரிகளை ஒரே நேரத்தில் இழுப்பது, பெரிய மிருகத்தின் முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் டேங்கின் முடிவு. முகத்தைக் கூட்டத்தின் பக்கம் ஒரு நொடி திருப்பிவிட்டால் போதும், பின்னால் நிற்கும் பத்துப் பேரும் தரையில்தான். காயம் ஆற்றுகிற ஹீலரிடம் எவ்வளவு மந்திர சக்தி மிச்சம் இருக்கிறது என்பதை என் உயிர்க் கோட்டைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். அதிகமாக இழுத்துவிட்டு ஹீலரைத் திட்டுகிறவனை நாங்கள் டேங்க் என்றே சேர்த்துக்கொள்ளமாட்டோம்.

இதைச் சரியாகக் காட்டிய இசேகாய் கிரிம்கார் (2016). 12 எபிசோடுதான். ஒரு கோப்ளினைக் கொல்லவே உயிர் போய் வருகிற, ஒன்றும் தெரியாத ஆறு பேர். பூசாரி வகுப்பைச் சேர்ந்த மனாட்டோ தலைவனாக இருக்கிறான். நான்காவது எபிசோடில் செத்துப்போகிறான். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு உறைக்கிறது: வைத்தியம் பார்த்தது, கட்டளை இட்டது, பல நேரம் முன்னால் நின்று எதிரியைத் தாங்கியது, எல்லாமே அவன். காவலும் வியூகமும் ஒரே ஆளிடம் இருப்பது செம்பருத்திக்கு அழகாகத் தெரிகிறது. எனக்கு அது பயம். அந்த ஒருவன் விழுந்தால் மிச்சம் எதுவும் இல்லை.

அவனுக்குப் பதிலாக வந்த மேரி, சின்னக் காயத்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்க மறுக்கிறாள். எல்லாருக்கும் கோபம். பிறகு காரணம் தெரிகிறது. முன்பு ஒரு குழுவில் இருந்தபோது ஒவ்வொரு கீறலையும் ஆற்றிக்கொண்டே போனவள் அவள். சைரின் சுரங்கத்தில் டெத் ஸ்பாட்ஸ் என்ற பயங்கர மிருகம் வந்து நின்றபோது கையில் மந்திர சக்தி இல்லை. மூன்று தோழர்களைப் பறிகொடுத்தாள். அன்பு மிகுந்து எல்லாவற்றையும் உடனே கொடுத்துவிட்டாள், கணக்கு வைக்கவில்லை. இதை நினைத்து எத்தனையோ இரவு நான் தூங்காமல் இருந்திருக்கிறேன். என் குழுவிலும் அப்படி ஒரு ஹீலர் இருந்தாள்.

வடகரை

மேரியின் கதை என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. கணக்கு இல்லாத காவல் ஆளைக் கொல்லும்.

கேடயம்_தூக்கி

வடகரை, வட்டமேசை விஷயத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஷிரோயே தன் பெயரைச் செலவழித்தான் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஆனால் மறு பாதிக்கு ஓவர்லார்டைப் (2015) பாருங்கள். ஐன்ஸ் ஆளும் நாசரிக் என்ற கோட்டையில் இரண்டு பொறுப்பும் துல்லியமாகப் பிரிந்திருக்கிறது. ஆல்பெடோ காவலர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர், தற்காப்பில் முதலிடம். ஏழாம் தளத்துக் காவலன் டெமியர்ஜ் மூளை. ஐன்ஸ் வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையிலிருந்துகூட டெமியர்ஜ் ஒரு பேரரசுத் திட்டத்தை உருவி எடுத்துவிடுவான். இரண்டாம் சீசனில் ஜல்டபாவோத் என்ற வேடத்தில் அவன் தலைநகரத்தின் மேல் பாய்ந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரே இரவில் பொருள் சேர்ந்தது, ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஐன்ஸின் மாறுவேடமான மோமொனுக்குப் புகழும் கிடைத்தது. ஒரே கல்லில் இத்தனை மாங்காய். ரசிகர்கள் கைதட்டினார்கள். அந்தத் தெருக்களில் வீட்டை விட்டு இழுத்துச் செல்லப்பட்டவர்கள்தான் அந்த வியூகத்தின் செலவு. அவனுக்கு அது செலவாகவே தெரியவில்லை. நான் பயப்படுவது இந்த மாதிரி மூளைக்குத்தான்.

அதே நாசரிக்கில் இன்னொரு தளத்துக் காவலன் கொக்யூட்டஸும் இருக்கிறான். பல்லி மனிதர்களோடு மோத அவனுக்குக் கிடைத்தது பலவீனமான படை. தோற்கிறான். அந்தத் தோல்வியில் எதிரியின் வீரத்தைப் பார்த்துவிட்டு, அவர்களை அழிக்க வேண்டாம் என்று ஐன்ஸிடமே கேட்கிறான். களத்தில் நின்று முகத்தைப் பார்த்தவனுக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றியது.

நள்ளிரவு_வாசகி

எல்லாரும் நவோஃபுமியைக் காவலன் என்று சொல்லிக்கொண்டு போவதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அண்ணா, உங்கள் முதல் பதிவின் அடிப்படையே இங்கே ஆடுகிறது.

காவலன் தன் உடம்பிலிருந்து கொடுக்கிறான் என்கிறீர்கள். நவோஃபுமியால் தாக்க முடியாது. அதனால் என்ன செய்தான்? அடிமை வியாபாரியிடம் போய், இருமிக்கொண்டும் இரவில் அலறிக்கொண்டும் இருந்த ஒரு சின்னப் பெண்ணை விலைக்கு வாங்கினான். ரஃப்டாலியா கையில் கத்தியைக் கொடுத்து, பலூன் மிருகத்தைக் குத்து என்றான். அவள் தயங்கியபோது அடிமை முத்திரை அவளைச் சுட்டது. அவன் கேடயம் என்பதால் அவள் வாள் ஆக வேண்டியிருந்தது. அந்தக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. காவலனும் அடுத்தவரைத்தான் செலவழித்திருக்கிறான்.

மருந்து கொடுத்தான், வயிறு நிறையச் சாப்பாடு போட்டான், பந்து வாங்கிக் கொடுத்தான் என்பது எனக்கும் தெரியும். அதனால் அந்தத் தொடக்கம் இல்லையென்று ஆகிவிடாது. இந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அதைத் தாண்டி வேகமாக நடந்துவிடுகிறார்கள்.

செம்பருத்தி22

வாசகி, நீங்கள் சொல்வது சரி, நான்கூடத் தாண்டித்தான் நடந்துவிட்டேன். ஆனால் அதே இரண்டாவது எபிசோடில் சுரங்கத்தில் இரட்டைத் தலை நாய் வரும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கள். தன் பெற்றோரைக் கொன்ற மிருகத்தைப் போலவே இருப்பதைப் பார்த்து அவள் உறைந்துபோகிறாள். நவோஃபுமி அதைத் தன் உடம்பால் தடுத்துப் பிடித்துக்கொள்கிறான். கடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது அவளிடம் இரண்டு வழியைச் சொல்கிறான்: குத்த முடிந்தால் குத்து, முடியாவிட்டால் ஓடிப்போ. முத்திரையைக் காட்டி மிரட்டவில்லை. அவள் குத்துகிறாள்.

பலூனுக்கும் நாய்க்கும் நடுவில்தான் அவன் காவலன் ஆனான் என்று இப்போது தோன்றுகிறது. முதலில் கட்டளை இட்டான், பிறகு அவளைத் தேர்ந்தெடுக்க விட்டான். அந்த நேரத்தில் அடி அவன் மேல் விழுந்துகொண்டிருந்தது.

நான்காவது எபிசோடில் மற்ற மூன்று வீரர்களில் ஒருவனான மொட்டோயாசுவோடு நடக்கும் போட்டி முடிந்ததும் முத்திரையை அழித்துவிடுகிறார்கள். அவளைத் தடுக்க ஒன்றுமில்லை, ஆனால் அவன் பக்கத்தில்தான் வந்து நிற்கிறாள். அதுவரை எதைச் சாப்பிட்டாலும் ருசி தெரியாமல் இருந்தவனுக்கு அதற்குப் பிறகுதான் சாப்பாடு ருசிக்கிறது.

நள்ளிரவு_வாசகி

நாய் இடத்தை ஏற்றுக்கொள்கிறேன். பலூன் இடத்தை மன்னிக்கவில்லை.

மழைக்காகம்

அப்படியென்றால் வாசகி சொன்ன அளவுகோலை எல்லாக் கதைக்கும் வைத்துப் பார்க்கலாமே. முன்னால் நிற்கப்போகிறவரிடம் கேட்டார்களா?

நோ கேம் நோ லைஃபில் (2014) மனித ராஜ்யத்தை ஆளும் சோரா, கிழக்கு ஒன்றியம் என்ற நாட்டோடு விளையாடும்போது பந்தயமாக வைப்பது மனித இனத்தின் அடையாளமான சதுரங்கக் காயையே. தோற்றால் ஓர் இனமே எல்லா உரிமையையும் இழக்கும். ஜனங்கள் அரண்மனைக்கு முன்னால் கொதிக்கிறார்கள். அவன் கேட்கவில்லை. ஜெயித்ததால் நாம் மறந்துவிட்டோம்.

ஸ்லைம் தொடரில் ரிமுருவின் கதை இதைவிடக் கசப்பு. மனிதர்களைத் தாக்கக் கூடாது என்று, தான் ஆளும் டெம்பெஸ்ட் நாட்டில் அவன் வைத்தது நல்ல எண்ணத்தில் பிறந்த விதி. மற்ற நாடுகளோடு ஒத்துப்போகும் நீண்டகாலத் திட்டம். ஃபால்மஸ் ராஜ்யத்துப் படை ஊருக்குள் புகுந்தபோது அந்த விதியே தன் ஜனங்களின் கையைக் கட்டிப்போட்டது. ஷியோன் உட்பட எத்தனை பேர் வீதியில் கிடந்தார்கள். விதியை எழுதியவன் அன்று ஊரில் இல்லை. பிறகு வானத்திலிருந்து தனியாக இறங்கி சுமார் 20,000 வீரர்களைக் கொன்றதும், அதனால் ராட்சத அரசன் ஆனதும், இறந்தவர்கள் எழுந்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. எனக்கு நினைவில் நிற்பது அவன் ஷியோனின் உடல் பக்கத்தில் உட்கார்ந்து, இது நான் வைத்த விதியால் வந்தது என்று உணர்ந்த அந்த நேரம். தன் திட்டத்தின் செலவைக் கண்ணெதிரே பார்த்தவன் அவன். டெமியர்ஜுக்குக் கிடைக்காதது அது.

வடகரை

சரி, ரீ சீரோவை யாரும் எடுக்காமல் விட்டுவிட்டீர்கள். எனக்கு இந்த விவாதத்துக்கே சிகரம் இரண்டாம் சீசன்தான் (2020, 2021).

கார்ஃபியல், சரணாலயம் என்ற ஊரைக் காக்கிறான். யாரும் வெளியே போகக் கூடாது என்று வாசலை மறித்து நிற்பதும் அவனே. தங்களை விட்டுவிட்டுப் போன தாய், போன வழியிலேயே நிலச்சரிவில் இறந்ததை, கடந்த காலத்தைக் காட்டும் மந்திரச் சோதனைக்குள் பார்த்துவிட்டவன். வெளியே போனால் சாவு என்று அவனுக்குள் பதிந்துவிட்டது. பயத்தில் பிறந்த காவல், காக்கப்படுகிறவர்களுக்கே சிறைச்சாலை ஆகிவிட்டது. கேடயம்_தூக்கி, காவலன் எப்போதும் உயர்ந்தவன் இல்லை என்பதற்கு இவனே சாட்சி.

அவனை எதிர்த்து நின்றது யார்? ஓட்டோ. ஒரு வியாபாரி. சண்டைக்காரனே இல்லை. பூச்சி, விலங்குகளின் மொழி புரியும் வரம் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். காட்டுக்குள் அந்தப் பூச்சிகளோடு பேசி, பொறி வைத்து, கார்ஃபியலைத் தாமதப்படுத்துகிறான். ஜெயிக்கமாட்டோம் என்று தெரிந்தே நிற்கிறான். அவன் வியூகத்தில் அடி வாங்க வைத்திருந்த ஆள் அவனேதான். கூட்டாளியான ராம் வந்து சேரும்வரை தன் உடம்பை வைத்து நேரம் வாங்குகிறான். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் தனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த கதாநாயகன் சுபாருவுக்குக் கையால் ஒரு குத்து விட்டு, நண்பன் என்றால் என்னிடம் சொல் என்று கேட்டவனும் ஓட்டோதான். செத்தால் காலம் பின்னால் போய் மறுபடி எழுகிறவன் சுபாரு; அதுவரை தன் சாவுகளையே நண்பர்கள் யாரிடமும் சொல்லாமல் திட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

கேடயம்_தூக்கி

கார்ஃபியல் விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. முதல் பதிவில் நான் எழுதிய கணக்கு, சொந்த உடம்பு ஒரு பக்கம், அடுத்தவன் உடம்பு மறு பக்கம் என்பது, இனி நிற்காது. வாசகி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

அதை மனதில் வைத்துக்கொண்டு நேற்று இரவு லாக் ஹொரைசனில் ஒரே ஓர் இடத்தை மறுபடி பார்த்தேன். சண்டை எதுவும் இல்லாத இடம். வட்டமேசைக்கு முன்னால், ஹமேலின் விஷயத்தில் என்ன செய்வது என்று ஷிரோயே தவித்துக்கொண்டிருக்கிறான். எந்தக் கில்டிலும் சேராமலேயே இத்தனை வருடம் தள்ளியவன். அப்போது நியான்டா அவனிடம் சொல்கிறார்: நவோட்சுகுவும் தோழி அகாட்சுகியும் நீ அழைப்பாய் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வடக்கே இருக்கும் சுசுகினோ நகரம்வரை கூடவே வந்து, அங்கே மாட்டிக்கொண்ட செராரா என்ற பெண்ணை மீட்டவர்கள் அவர்கள். வடக்கு எல்லைவரை அடி வாங்கிக்கொண்டு வந்தவன் நவோட்சுகு. ஆனாலும் கேட்கப்படாமல் உள்ளே வரவில்லை. பத்து நகர்வை முன்கூட்டிப் பார்க்கிறவனுக்கு, பக்கத்திலேயே நிற்கிறவன் காத்திருப்பது தெரியவில்லை. பிறகு ஷிரோயே அவர்களிடம் போய், என் கில்டில் சேருங்கள் என்று கேட்கிறான். அவ்வளவு தடுமாற்றத்தோடு அவன் எந்தப் போர்க்களத்திலும் பேசியதில்லை.

இரண்டாம் சீசனில் யாருக்கும் சொல்லாமல் அகிஹபாராவை விட்டுக் கிளம்பும்போதும் அவன் கூட அழைத்துக்கொண்டு போவது நவோட்சுகு ஒருவனைத்தான்.

நள்ளிரவு_வாசகி

அந்தக் கில்டு அழைப்பு ஆறாவது எபிசோடு பக்கம் வரும், இல்லையா? இன்று இரவு அங்கிருந்து தொடங்குகிறேன்.